பதிமூன்றாவது நிறம்

தூண்டில் ரீலில் பின்னல் நூலைச் சுற்ற உட்காரும்போது நான் கைக்கு எண்ணெய் தடவுவதில்லை. எண்ணெய்க் கையில் நூல் வழுக்கும், வழுக்கினால் சுற்று தளர்ந்துபோகும். என் உள்ளங்கை இப்படிக் காய்ந்து கிடப்பதற்கு அதுதான் காரணம். வேறு நோவு ஒன்றுமில்லை.

ஷீஜா, நேற்றுக் கையெழுத்து வாங்க வந்தபோது நீ என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். டீயைக் குடித்தாய், டம்ளரை நீயே கொண்டுபோய்க் குசினியில் வைத்தாய். சப்-இன்ஸ்பெக்டர் என்றால் இப்படியும் இருப்பார்களா என்று எனக்கு ஆச்சரியம். போகும்போது, “ஏதாவது விட்டுப்போயிருந்தா எழுதிக் குடுங்க ஆன்ட்டி” என்றாய். விட்டுப்போனதை எழுதுகிறேன். எனக்கு மகள் இருந்திருந்தால் உன் வயதுதான் இருக்கும். அதனால் நீ என்றே எழுதுகிறேன், வருத்தப்படாதே. நான் எட்டாம் வகுப்புக்கு மேல் போகாதவள். பிழை இருந்தால் திருத்திக்கொள், மகளே.

என் கடையைப் பார்த்திருப்பாய். தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், சோடா கம்பெனிக்கு அடுத்தது. தொழிலுக்குக் கடலுக்குப் போகிறவர்கள் என்னிடம் வருவதில்லை. கரையில் நின்று பொழுதுபோக்குக்குத் தூண்டில் வீசுகிறவர்கள்தான் வருவார்கள். ஹார்பர் ஆபீசர்கள், பல் டாக்டர், காலேஜ் வாத்தியார்கள். புது ரீல் வாங்கினால் அதில் நூல் சுற்றிக் கொடுப்பேன். கடையை வைத்துக் கொடுத்தவன் என் தம்பி பர்னபாஸ். என்னைவிட ஆறு வயது இளையவன். அவன் சாவு பற்றித்தான் நீ விசாரித்துக்கொண்டிருக்கிறாய்.

நூல் சுற்றுவது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது. ரீலின் அடியில் கொஞ்சம் தங்கூசி, அந்த நைலான் நரம்பு, சுற்ற வேண்டும். இல்லையென்றால் பின்னல் நூல் பிடிமானம் இல்லாமல் அப்படியே மொத்தமாகச் சுழலும். அதன்மேல் பின்னல் நூல். ஒருவர் ரீலைச் சுற்ற, இன்னொருவர் ஈரத்துணிக்குள் நூலை இறுக்கிப் பிடித்துக்கொடுக்க வேண்டும். முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை ஒரே இறுக்கம். நடுவில் எங்காவது தளர்ந்துவிட்டால், மேலே இழுபடும் நூல் அந்தத் தளர்ச்சிக்குள் கத்தி மாதிரி இறங்கிப் புதைந்துகொள்ளும். பெரிய மீன் ஓடும்போது ரீல் கொஞ்சம் கொஞ்சமாக நூலை விட்டுக்கொடுக்க வேண்டும். புதைந்த நூல் விடாது. சட்டென்று நின்றுவிடும்.

பர்னபாஸ் கேட்ட நூல் இருபத்தைந்து கிலோ தாங்குவது. பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறும். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, ஊதா, மறுபடி சிவப்பு. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நிறத்தை எண்ணித் தெரிந்துகொள்ளலாம். நூல் முனையில் ஈயம் கட்டி அவன் வீசினால் ஒன்பது நிறம் போகும். அதில் அவனுக்குப் பெருமை.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றி. அவர் பெயர் வளன். சங்கு குளிக்கிறவர். முத்துக் குளித்த காலத்திலிருந்து எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, நீ கேள்விப்பட்டிருக்கலாம். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். தகப்பனை நம்புவதில்லை, அண்ணனை நம்புவதில்லை. மச்சான்தான். தன் அக்காள் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று அவன் கைக்குத் தெரியும். ஒரு இழுப்பு என்றால் கயிற்றை விடு. இரண்டு இழுப்பு என்றால் தூக்கு. இப்போது கம்ப்ரசர் வைத்து, டியூபில் காற்று அனுப்பிக் குளிக்கிறார்கள். ஆனாலும் கயிறு உண்டு, மச்சான் உண்டு.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாதம், வள்ளத்தில் அவர்கள் இரண்டு பேர்தான் போனார்கள். கம்ப்ரசர் பெல்ட் அறுந்து காற்று நின்றுவிட்டது. வளன் இரண்டு இழுப்பு இழுத்தார், தம்பி தூக்கினான், கயிறு அடியில் பாறையில் மாட்டிக்கொண்டது, அவன் கை அறுந்து ரத்தம் கொட்டக் கொட்ட இழுத்தும் முடியவில்லை. இது பர்னபாஸ் சொன்னது. வலது கை ஆள்காட்டி விரலின் நடு மடிப்பில் எலும்பு தெரிகிற காயம். ஊரே அந்தக் கையைப் பார்த்து அழுதது. அடக்கப் பூசையில் சாமியார் அந்தக் கையைச் சொல்லித்தான் பிரசங்கம் வைத்தார். நான் அந்த விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டினேன், கட்டு அவிழ்த்த அன்று முத்தம் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பர்னபாஸ் வீட்டிலிருந்து பாரை மீன் குழம்பு வந்தது. பெரிய பாரை. கடலில் யாரோ துக்க வீட்டுக்கென்று கொடுத்தார்களாம். எனக்கு இறங்கவில்லை. “சாப்பிடுக்கா. ஒனக்கு நான் இருக்கேன்லா” என்று அவனே பிசைந்து கொடுத்தான். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

அவன் சொன்னபடி நடந்தும் கொண்டான், அதை மறைக்கக் கூடாது. கடல் தொழிலை விட்டு ஐஸ் வியாபாரத்துக்கு வந்தான். எனக்குக் கடை பிடித்துக் கொடுத்தான். அவன் மனைவி விஜிலா என்னை ஒரு நாளும் தனியாகச் சாப்பிட விட்டதில்லை.

இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம், அவன் புது ரீலோடு கடைக்கு வந்தான். நான் சுற்றினேன், அவன் நூலைப் பிடித்தான்.

“மெதுவா சுத்துக்கா. வெரலு எரியுது.”

“நூலு பிடிக்கதுக்கே வெரலு எரியுதாம். இவரு பாரை பிடிக்கப் போறாராக்கும்.”

“பிடிச்சிருக்கேன்லா! எட்டு கிலோ. வெறும் கைநூலுல. வெரல்ல எலும்பு தெரிஞ்சிட்டு, விட்டனா நான்? அன்னைக்கு மட்டும் இப்பிடி ஒரு ரீலு இருந்திருந்தா…”

நிறுத்திவிட்டான்.

“என்னைக்குலே?”

“அது எப்பமோ. சின்னப் பயலா இருக்கையில.”

சின்னப் பயலாக இருக்கையில் அவனைக் குளிப்பாட்டி விட்டவள் நான். அவன் விரல்கள் பத்தும் எனக்குத் தெரியும். அந்தக் கையில் இருக்கிற தழும்பு ஒன்றே ஒன்று.

நான் சுற்றுவதை நிறுத்தவில்லை. நூலைச் சரிபார்க்கிற மாதிரி என் விரலை அவன் விரலுக்குப் பக்கத்தில் வைத்தேன். என் விரலிலும் ஒரு தழும்பு உண்டு; கடை தொடங்கின புதிதில் பின்னல் நூல் அறுத்தது. மெல்லிசாக, ஆழமாக, பிளேடு கீறினது மாதிரி இருக்கும். அவனுடையதும் அதே. வளனின் கயிறு பெருவிரல் தடிமன். கயிறு இழுத்த கையில் தோல் அகலமாக உரிந்து வரும், இப்படிக் கோடு விழாது. பத்து வருஷம் நூலோடு புழங்கியவள், பக்கத்தில் வைத்துப் பார்க்க இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

கயிற்றை வள்ளத்தின் பலகையில் கட்டி வைத்துவிட்டு அவன் மீன் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். வளன் இழுத்தபோது அவன் கையில் பாரை இருந்திருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கயிற்றுக்குப் போயிருக்கலாம். விடவில்லை. எனக்குப் பிசைந்து கொடுத்ததும் அந்தப் பாரைதான்.

“டீ சொல்லவாலே?” என்று கேட்டேன். “வேண்டாங்கா, லோடு வருது” என்றான். ரீல் ஒரு நாள் இருக்கட்டும், முடிச்சுக்குப் பசை வைத்துத் தருகிறேன் என்றேன். வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் மதியம் கடையை உள்பக்கம் தாழ் போட்டேன். மேலிருந்து பதினேழு நிறத்தை அவிழ்த்தேன். அதில் ஐந்து நிறத்தைத் துணியே பிடிக்காமல், குழந்தைக்குத் தலை பின்னுகிற மாதிரி தளரச் சுற்றினேன். அதன்மேல் பன்னிரண்டு நிறத்தை, நூலைக் கதவுக் கைப்பிடியில் கொடுத்து, எப்போதும்போல் இறுக்கிச் சுற்றினேன். ஒன்பது நிறம் வீசுகிறவனுக்கு அது ஒன்றும் செய்யாது. சின்ன மீனும் அதைத் தொடாது. பெரிய மீன் ஒன்று இன்னும் மூன்று நிறம் இழுத்துக்கொண்டு ஓடினால், பதிமூன்றாவது நிறத்தில் நூல் நிற்கும். அப்போதும் தூண்டில் ராடைக் கையிலிருந்து விட்டுவிட்டால் அவனுக்கு ஒன்றுமில்லை. அவன் விடட்டும் என்று நான் இடம் வைத்துத்தான் சுற்றினேன்.

ஞாயிறுதோறும் அவன் பெரியதாழைக்குப் போவான், எங்கள் பிறந்த ஊர். கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிப் போட்டிருக்கிறார்களே, தூண்டில் வளைவு, அதன் முனையில் நின்று வீசுவான். நானும் வருகிறேன் என்றேன். சந்தோஷப்பட்டான். முனைக் கல்லில் பாசி வழுக்கும் என்பதால் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைப் பின்னால் ஒரு கல்லில் சுற்றி வைப்பது அவன் பழக்கம். முதல் ஞாயிறே அதை அவிழ்த்து என் கையில் கொடுத்தான்.

“நீ பிடிக்கா. கல்லுக்கு நீ மேலுல்லா.”

“பெண்டாட்டி தம்பிதாம்ல பிடிக்கணும்.”

“அவன் துபாய்ல ஏசில ஒக்காந்திருக்கான். வரச் சொல்லி வாட்சப் போடட்டா?” என்று சிரித்தான்.

கல் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். கல்லுக்கு ஞாபகம் கிடையாது.

ஆறு ஞாயிறு ஒன்றும் நடக்கவில்லை. கிழங்கான், விளமீன், ஒரு முறை சின்னத் திருக்கை. மதியம் விஜிலா பொரிப்பாள், மூன்று பேரும் சாப்பிடுவோம். நான் பொறுமையாக இருந்தேன். நல்ல தூக்கமும் வந்தது.

ஏழாவது ஞாயிறு, காலை ஒன்பது மணி இருக்கும். ராடு வளைந்தது, ரீல் சத்தம் போட்டது. நிறம் போகப் போக அவன் சத்தமாக எண்ணினான். “பத்து… பதினொண்ணு… அக்கா, பெருசுக்கா! நீ வந்த ராசி!” நானும் மனதுக்குள் எண்ணினேன். பன்னிரண்டு நீலம். பதிமூன்று மஞ்சள். சத்தம் நின்றது. மீன் இழுத்த இழுப்பில் அவன் இரண்டு அடி முன்னால் போனான். “பர்னபாசு, விட்டுருலே” என்று நான் சொன்னேன், ஷீஜா. சத்தியமாகச் சொன்னேன். ஆனால் மெதுவாகச் சொன்னேன். அலை இரைச்சலில் கேட்டிருக்காது. அவன் ராடை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அப்படியே பாசிக் கல்லில் வழுக்கிக் கீழே போனான்.

கயிறு என் கையில் இருந்தது. நீண்டது, இறுகியது. பிறகு இரண்டு முறை இழுபட்டது. இரண்டு இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் கையைத் திறந்தேன்.

அப்புறம் மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னேன், அவசரப்படாமல், முழுதாக. அதற்குப் பிறகுதான் கூப்பாடு போட்டேன். உன் ஏட்டு எழுதின வாக்குமூலத்தில், முடிந்தமட்டும் இழுத்தேன், கை நழுவிவிட்டது என்று இருக்கிறது. இழுத்திருந்தால் உள்ளங்கை உரிந்திருக்கும். அப்படி உரியவில்லை என்பதைத்தான் நேற்று நீ பார்த்தாய். பர்னபாஸுக்குக் காட்ட ஒரு காயமாவது இருந்தது.

நீ நம்பாவிட்டால் ஸ்டேஷனில் இருக்கிற ரீலை எடுத்துப் பார். பதிமூன்றாவது நிறம், மஞ்சள், உள்ளே புதைந்திருக்கும். அந்த ரீலைத் திரும்ப வாங்கி, லீவுக்கு வருகிற தன் தம்பிக்குக் கொடுக்க வேண்டும் என்று விஜிலா சொல்லிக்கொண்டிருக்கிறாள். கொடுத்துவிடாதே. நூலை அறுத்து எறி. அந்தப் பையன் ஒரு பாவமும் அறியாதவன், அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. ஆட்கள் ஓடிவந்து அவனைத் தூக்கினபோது ராடு கல் இடுக்கில் மாட்டிக் கிடந்தது. நூல் அறவில்லை. மீனும் போகவில்லை. பாரைதான், பதினொரு கிலோ. வேண்டும் என்று நான் கேட்டேன், பாவம் என்று கொடுத்தார்கள். தம்பியின் ஐஸிலேயே போட்டு வைத்திருந்தேன். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், புளி கொஞ்சம் தூக்கலாக விட்டுக் குழம்பு வைத்து, விஜிலா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவளுக்கு இறங்கவில்லை. நானே பிசைந்து கொடுத்தேன்.

“சாப்பிடு விஜி. ஒனக்கு நான் இருக்கேன்லா.”

ஏழு வாய் சாப்பிட்டாள். என் மடியில் தலையை வைத்துத் தூங்கியும் போனாள். கடையை அவள் பெயருக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். நீ என்னைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவளிடம் பக்குவமாகச் சொல். அவளுக்கு நான் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள், மகளே.