வெள்ளையாய்ப் பிறந்தவள்

— சூட்கேசைக் கீழை வையும், சயந்தினி.

— வைக்கமாட்டன். பிள்ளை உங்கடை இல்லை, நான் வேலை செய்யிற வீட்டு இத்தாலிக்காரச் சின்யோராவின்ரை மோன்ரை எண்டு ஆஸ்பத்திரியிலை அத்தனை பேருக்கு முன்னாலை சொன்னனீங்கள். இனி இந்த வீட்டிலை எனக்கென்ன வேலை? எவ்லின் அக்கா பல்லாரோச் சந்தையடியிலை ஒரு அறை தாறன் எண்டவ.

— முதல் இரும். அந்த டொக்ரர் சொன்னதை இன்னொருக்காச் சொல்லும்.

— அண்டைக்குச் சொல்லேக்கை விசர்க் கதை எண்டு எழும்பிப் போனனீங்கள்.

— போனனான்தான். சொல்லுமன்.

— தோலுக்கும் மயிருக்கும் நிறம் வராத பிள்ளையாம். அந்தக் குறை எனக்குள்ளையும் இருக்காம், உங்களுக்குள்ளையும் இருக்காம். ஒரு பக்கத்தாலை மட்டும் வந்தால் வெளியிலை தெரியாதாம். தாய், தேப்பன் ரெண்டு பேரிட்டையும் இருந்து வந்தால்தான் தெரியுமாம். சொந்தத்துக்கை கட்டினனீங்களோ எண்டு கேட்டா. ஓம், மச்சான்தான் எண்டன்.

— என்னைப் பாரும். அடுப்புக்கரி. எனக்குள்ளை எங்காலை வெள்ளை எண்டுதான் நினைச்சனான்.

— நான் மட்டும் என்ன, பாலிலை தோய்ச்செடுத்தவளோ? தோலைப் பாத்து உள்ளுக்கை கிடக்கிறதைச் சொல்லேலாதாம்.

— விடிய கொழும்புக்கு எடுத்தனான். அம்மாவோடை கதைச்சனான்.

— மாமிக்கும் சொல்லியாச்சோ? நல்லது. பலெர்மோவிலை சனம் சிரிச்சது காணாது, அங்கையும் என்ரை மானம் கப்பலேறட்டும். கலைச்சுவிடு எண்டிருப்பா.

— இல்லையப்பா. பிள்ளை வெள்ளையாய்ப் பிறந்திருக்கு எண்டு மட்டும்தான் சொன்னனான். ரெலிபோன் கார்ட் முடியப்போகுது, கதையுங்கோவன் எண்டு கத்தினன். பிறகு அம்மா கேட்டா, வெளிச்சத்துக்குக் கண் கூசுதோ எண்டு.

— கண்ணைப் பற்றி ஆர் அவவுக்குச் சொன்னது?

— ஒருத்தரும் சொல்லேல்லை.

— அப்ப மாமிக்கு எப்பிடித் தெரியும்?

— எனக்கு மூத்தது ஒண்டு செத்துப் பிறந்தது எண்டுதானே எல்லாரும் சொல்லுறவை.

— ஓம். எங்கடை அப்பாவும் அப்பிடித்தான் சொன்னவர்.

— சாகேல்லையாம். வெள்ளையாய்ப் பிறந்ததாம்.

— ஐயோ, என்னப்பா சொல்லுறியள்?

— இது என்ரை பிள்ளை இல்லை எண்டு, அப்பா அதைக் கொண்டுபோய்க் கன்னியாஸ்திரி மடத்து வாசல்லை வைச்சிட்டு வந்தவராம். எனக்கொரு அக்கா இருக்கிறா, சயந்தினி.