வெள்ளிக்கிழமையும் மீன் மணத்த நாய்

“இந்த நாயாலை எங்கடை வீட்டுச் சைவமே கெட்டுப்போச்சு” என்று அந்த அம்மாள் சொன்னதும் நான் கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

சாவகச்சேரியில் ரயில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு எதிரே இருந்தார்கள். கணவரின் மடியில் ஒரு பனையோலைக் கடகம். சீமைக்குத் திரும்பிப்போன எந்தத் துரையோ விட்டுச்சென்ற குட்டைக்கால் நாயொன்று அதற்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

“வட்டுக்கோட்டை மிஷன் பங்களா வெள்ளைக்கார மிசி அம்மா உந்தக் குட்டைக்கால் நாயளை மட்டுந்தானாம் எடுத்து, நல்ல இடம் பாத்துக் குடுக்கிறவ. அவவிட்டை ஒண்டையும் ஒளிக்காமல் சொல்லிப்போட வேணும்” என்றார் கணவர்.

“சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமையிலும் வீட்டுக்குள்ளை மீன் மணம் கொண்டு வந்த நாய் எண்டு சொல்லுங்கோ. எனக்கு மட்டும் குடுக்க விருப்பமே? என்ரை கால்மாட்டிலை படுத்த சீவன். விரதக்காரி நான் என்ன செய்ய?”

“அதில்லையப்பா, சாப்பாட்டு விசயம். சூடை மீனைத் திரும்பியும் பாக்காது. விளைமீன் எண்டால் உயிர். முள்ளெடுத்துத்தான் குடுக்க வேணும். குழம்பிலை புளி கொஞ்சம் கூடினாலும் முகத்தைத் திருப்பிப்போடும்.”

அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார்.

“முள்ளெடுத்துக் குடுத்தது ஆர்?”

கணவர் சன்னலுக்கு வெளியே பனைகளைப் பார்த்தார். நாய் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது.

அம்மாள் கடகத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“இஞ்சாருங்கோ, வெளிக்கிட்டது வெளிக்கிட்டம், வட்டுக்கோட்டைக்கே போவம். நாய் என்னோடை நிக்கட்டும். அந்த மிசி வளந்த ஆம்பிளையளையும் எடுப்பாவோ எண்டு கேட்டுப் பாப்பம்.”