தவறுதலாய்ப் பாடினவர்

— கடைசி விலை சொல்லும், அகஸ்ரின். அஞ்சு மணிக்குள்ள டேவிக்குப் பதில் போடோணும். அங்க கிளாஸ்கோவில இரவு பத்தாயிடும், மனுசன் படுத்திடுவான்.

— சாம்பவி, நீர் என்ன சாறி வாங்கவே வந்தனீர், விலை கேக்கிறதுக்கு?

— ஸ்ரௌவ்வில்லில இருந்து இந்த ட்ராஃபிக்குக்குள்ள ஸ்காபரோவுக்கு வந்தது உம்மட கடைச் சாறிக்கில்லை. வடிவாக் கேளும். கிளாஸ்கோ லைப்ரரியில கண்காட்சி, எங்கட டேவிதான் பொறுப்பு. ஸ்கொட்லாண்டில ராப் எப்பிடி வளந்தது எண்டு. எங்கட தொண்ணூற்றி நாலாம் ஆண்டுக் கசெட்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கினமாம். ரெக்கோட் சுத்தினது சாம்பவி எண்டு போட்டாச்சு. நீர் ஓம் எண்டால் பக்கத்தில உம்மட பேர். இல்லாட்டி, ‘பாடினவர் ஆரெண்டு தெரியாது.’

— பேரைப் போடட்டும், ஆர் வேண்டாமெண்டது? பேருக்குக் கீழ இருக்கிற வசனத்தை வெட்டச் சொல்லும்.

— எந்த வசனம்?

— நடிக்காதையும். ‘வேற இங்கிலிஷ் தெரியாததால, தவறுதலாய்க் கிளாஸ்கோப் பேச்சில பாடினவர்.’ உது.

— ஐயோ, அதுதானே கதை! முப்பது வருசமா நீர்தானே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சனீர்? எங்கட புது வீடு குடிபூரலில கூட ஐயரை இருத்தி வைச்சுச் சொன்னனீர்.

— குடிபூரலில சொன்னது காத்தோட போகும். கண்ணாடிக்குள்ள வைச்சால் நிக்கும்.

— இருக்கட்டுமே. அந்த நேரம் கிளாஸ்கோவில எங்கட தெருவில ராப் பாடின பெடியள் எல்லாம் நியூயோர்க்கில பிறந்தவை மாதிரி எல்லே பாடுவாங்கள்? டேவியின்ர தாய் சந்தியில மீன் பொரிச்சு விக்கிறா. இவன் மைக்கைப் பிடிச்சானெண்டால் வேற ஆள்!

— தாய் ஒரு குரல் வைச்சால் உடன கிளாஸ்கோப் பேச்சில ‘அய், மா’ எண்டு ஓடுவான். அவன்ர அமெரிக்கா வீட்டு வாசல்படி மட்டுந்தான்.

— அதுக்குள்ள நீர் வாறீர். அகதியா வந்து ஆறு மாசம். மிஸஸ் மக்கேயின்ர கடையில பெட்டி அடுக்கி, அந்த மனுசி கதைக்கிறதுதான் உலகத்து இங்கிலிஷ் எண்டு நம்பிக்கொண்டு...

— நம்பினது உண்மை. இங்க ரொறன்ரோவுக்கு வந்த புதுசில சோடா வேணுமெண்டு ‘ஜிஞ்சர்’ கேட்டனான். கிளாஸ்கோவில அப்பிடித்தானே கேக்கிறது. கடைக்காரன் ஒரு இறாத்தல் இஞ்சியை நிறுத்து வைச்சான். பிழை விளங்கீட்டுது, ஆனா அதுக்குள்ள விலையில கால்வாசி குறைச்சுப் பேசிப்போட்டன். மலிவை விட மனம் வரேல்லை, வாங்கினன்.

— பாத்தீரே, உமக்கே சிரிப்பு. அந்தக் கசெட் பதிஞ்ச சேர்ச் மண்டபம் ஞாபகம் இருக்கே? நிலத்தில தரைவிரிப்பைப் போட்டுப் பெடியள் தலையில நிண்டு சுத்துறாங்கள். நான் அப்பாவுக்குத் தெரியாமல் அவரின்ர ரெக்கோட் பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்து, தட்டை முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துக் கீறுறன்.

— கீறினதில அவரின்ர பக்திப் பாட்டுத் தட்டும் ஒண்டு. முருகனுக்கே விக்கல் எடுத்தது.

— அந்த விக்கலுக்கும் சனம் ஆடினதப்பா! பிறகு நீர் மைக்கை எடுத்து, மிஸஸ் மக்கேயின்ர வாய் மாதிரியே, மழையும், வராத பஸ்ஸும், வேகாத உருளைக்கிழங்கும்... முதல்ல சிரிச்சுதுகள். பிறகு பாத்தால் கூரை பறக்குது. தங்கட குசினியில கதைக்கிற கதை மைக்கில வருமெண்டு அதுகள் நினைக்கேல்லை. அடுத்த கிழமையே டேவி அமெரிக்காவைக் கைவிட்டான். இப்பத்தப் பெடியளைக் கேட்டுப் பாரும், தங்கட வாயாலதான் பாடுறாங்கள், ஒரு கூச்சமில்லை.

— நல்ல கதை. ‘தவறுதலாய்’ எண்டதை எடுத்தால் கையெழுத்து.

— எடுத்தால் பகிடி போயிடும். சரி, ‘தற்செயலாய்’?

— உது அதே துணி, வேற கலர்.

— ‘அறியாமல்’?

— அது அதிலயும் மலிவு.

— ‘இயல்பாய்’?

— கிட்ட வந்திட்டீர். காணாது.

— அகஸ்ரின், இன்னும் இருவது நிமிசம்தான் கிடக்கு. அந்தப் பெட்டிக்குள்ள என்ர பேர் மட்டும் தனிய நிண்டால் எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கும். உமக்கு அமெரிக்கன் வராது எண்டு ஊருக்கே தெரியும். அதில என்ன மானம் போகுது?

— வரும்.

— என்ன வரும்?

— அமெரிக்கன். மூண்டு கிழமை பழகினனான். கடைக்குப் பின்னால, பெட்டி அறையைப் பூட்டிப்போட்டு. டேவியை விடத் திறம். அவனே ஒத்துக்கொண்டவன்.

— அப்ப மேடையில ஏறினவுடன மறந்து போச்சே?

— ஒரு சொல்லும் மறக்கேல்லை.

— பிறகென்னத்துக்குப் பிழை பிழை எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனீர்? என்ர கலியாணத்தில மைக்கைப் பிடிச்சு, மாப்பிளை மிதுனனுக்குப் பக்கத்தில நிண்டு சொன்னனீர்!

— அந்த இடத்தில வேற எதைச் சொல்லுறது?

— எனக்கு விளங்கேல்லை. பகிடியை விட்டிட்டு உள்ளதைச் சொல்லும்.

— மேடைக்கு முதல் நாள் ஒத்திகையில உமக்கு அமெரிக்கனில பாடிக் காட்டினனான். நீர் தட்டைக் கையால நிப்பாட்டிப்போட்டு, ‘உது ஆரோ ஒருத்தன்ர குரல், எனக்குக் கடையில பெட்டி அடுக்கிற பெடியனைத்தான் பிடிக்கும்’ எண்டீர். ‘தவறுதலாய்’ எண்ட இடத்தில நீர் சொன்ன அதை எழுதும் சாம்பவி, இப்பவே கையெழுத்து வைக்கிறன்.