பதினாலாம் பக்கத்துக் கோளாறு

கையெழுத்தா? நான் போட மாட்டேன் சார். கார்டு பிரிக்கற மிஷின் சரியா ஓடுதுன்னு நீங்களே எழுதி எடுத்துக்கினு வந்துட்டீங்க. ரிக்கார்டு கிளார்க்கு நான் கீழ கிறுக்கிட்டா அது உண்மையாயிடுமா? மெட்ராஸ்லேர்ந்து வேன் வெச்சிக்கினு வந்தீங்க, மூடிய தொறந்தீங்க, எண்ண உட்டீங்க, தொடச்சீங்க. இதுக்குப் பேரு ரிப்பேரா?

இன்னாது, உங்க மிஷின் பொஸ்தகத்துல இருக்குதா? தெரியும் சார். பதினாலாம் பக்கம். ஈரக் காத்துல கார்டு ஊதிக்கும், ரெண்டு ஒட்டிக்கினு ஒண்ணாப் போவும், பின்னாடி கார்டுல இருக்கற ஓட்டைய மிஷின் படிக்காது. தெரிஞ்ச கோளாறுன்னு தெகிரியமா எழுதிக்கிறான். தெரிஞ்சிக்கினே ஏன் சார் எங்க தலைல கட்டினீங்க?

காஞ்ச ரூம்புல வெக்கணுமா? கும்மிடிப்பூண்டில காஞ்ச ரூம்பு எங்க கீது, நீங்களே காட்டுங்க. இந்தாண்ட பழவேற்காட்டு ஏரி. அந்த ஏரியத் தூக்கினு போயி எளாவூர் செக்போஸ்டுக்கு அந்தப்பக்கம் ஆந்திராவுல வெச்சிட்டு வரட்டுமா? இந்தக் கம்பெனில ஏசி ஒண்ணே ஒண்ணு. மேனேஜர் வீரராகவன் சாரு ரூம்புல கீது. கார்டுப் பொட்டிங்கள அங்க வெக்கலாமான்னு கேட்டேன். வர்றவங்க இன்னா நெனைப்பாங்கன்னாரு.

நான் சும்மா குந்திக்கினு இருந்தேனா? விசிறிப் பாத்தேன். துணில தொடச்சிப் பாத்தேன். கேண்டீன் மணியம்மா அடுப்பாண்ட வெச்சி காயப்போட்டேன். ஓரம் வளைஞ்சிபோச்சி. வளைஞ்சதெல்லாம் உங்க மிஷின் மென்னு துப்பிடிச்சி. மூணு லெட்டர் போட்டேன். மூணுக்கும் ஒரே பதிலு. பதினாலாம் பக்கம் பார்க்கவும்.

இது ஏதோ ஸ்டோர் சாமான் கணக்குன்னு நெனச்சிக்கினீங்களா? இங்க பேட்டரிக்கு ஈயம் உருக்கறாங்க சார். உலையாண்ட நிக்கறவன் ஒடம்புல அது ஏறும், நரம்பக் கெடுக்கும். ஆவணில எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்க. எவனுக்கு ஜாஸ்தி ஏறிச்சோ அவன் கார்டுல டாக்டர் ஆபீஸ்லயே ஓட்ட போட்டு அனுப்பிடுவாங்க. மாசாமாசம் அறுநூறு கார்டையும் மிஷின்ல உட்டா, ஓட்ட போட்டதெல்லாம் கடைசிப் பொட்டில வுழுவும். அத்த லிஸ்டு எடுத்துக் குடுத்தா, அவங்கள உலைய உட்டு வேற வேலைக்கு மாத்துவாங்க. முன்னல்லாம் நோட்டுல எழுதி, கண்ணால பாத்து சொல்லுவேன். மிஷின் வந்தப்புறம் எதுக்குய்யா ரெண்டு வேலன்னு வீரராகவன் சாரு நோட்ட புடுங்கினு பூட்டாரு.

போன வாரம் நானே குந்திக்கினு எல்லாக் கார்டையும் நகத்தால ஒண்ணொண்ணா பிரிச்சேன். ரெண்டு நாளு ஆச்சி. பச்சையப்பன்னு பாய்லர்ல ஒருத்தன். நல்ல ஒடம்பு, ஓட்ட கெடையாது. அவன் கார்டு முதுவுல இன்னொண்ணு ஒட்டிக்கினு கீது. அதுல ஓட்ட. பொரட்டாசி, ஐப்பசி, கார்த்தி, மூணு மாசமா உங்க மிஷின் அத்தப் பாக்கவேல்ல. அந்தக் கார்டுக்காரனும் உலையாண்டயே நின்னுக்கினு இருந்தான்.

ஆமா, ஒண்ணுதான். அறுநூத்துல ஒண்ணுதானேன்னு சொல்றீங்க பாருங்க, வாய் கூசல உங்களுக்கு?

மணி இன்னா சார்? பன்னெண்டரையா? ஒத்துங்க, ஊட்டுக்குப் போய்ட்டு வந்துர்றேன். தம்பிக்கு சோறு ஊட்டணும். கொழந்தையா? அதெல்லாம் இல்ல, இருவத்தொம்பது வயசு. ரெண்டு கையும் மணிக்கட்டோட தொங்கிப்போச்சி. சோத்த அள்ளி வாயாண்ட கொண்டாறதுக்குள்ள கீழ வுழுந்துடுது. மொதல்ல கோவத்துல தட்டத் தள்ளி வுட்டான். இப்ப என்னப் பாத்தா வாயத் தொறக்கறான்.

ஒட்டிக்கினு இருந்தது அவன் கார்டுதான் சார். திருமலைன்னு போட்டிருக்கும். மூணு மாசமும் மிஷினாண்ட நின்னு பொத்தான அமுக்குனது நான்தான்.