பன்னிரண்டாவது நேர்காணல்

எந்த வீட்டில் தேநீர் தந்தாலும் நான் மறுப்பதில்லை. பத்து வருடச் சமூகப் பணியில் நான் பழகிக்கொண்ட மரியாதை அது. முல்லைத்தீவுக் கரையில் மார்கிறட் அக்கா தந்த தேநீர் சீனிப்பாணிபோல இனித்தது. அதையும் குடித்தேன்.

பல்கலைக்கழக விசாரணைக் குழுவினரான நீங்கள் நடந்ததை ஒழுங்காகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

என் முதுமாணிப் பட்ட ஆய்வு, போரில் காணாமல்போனவர்களின் மனைவிமாரைப் பற்றியது. பதினொரு பேர் அழுதார்கள். பன்னிரண்டாவது மார்கிறட் அக்கா. அவருடைய கணவர் ஸ்ரீபன் கடற்றொழிலாளி. இறுதிப் போரில் காணாமல்போனவர். அக்காவோ பூனையைப் பற்றியே கதைத்தார்.

"அழுது முடிஞ்சுது மிஸ். இப்ப என்ர பிரச்சினை கருவாடு தூக்கிற இந்தக் கடுவன்தான்."

ஒலிப்பதிவு முழுக்கப் பூனை. இடையிடையே அதுவும் கருத்துச் சொல்லியிருந்தது.

ஸ்ரீபனை இறந்தவராகவே எண்ணித் திருப்பலி ஒப்புக்கொடுக்க அக்கா பாதரிடம் நாள் கேட்டிருந்தார். அது முடிய, மகள் பிறின்சிக்குக் கலியாணம்.

என் மேற்பார்வையாளர் அந்த நேர்காணலை வாசித்துவிட்டு, "ஆழம் போதாது" என்று ஓரத்தில் எழுதினார். அவரில் பிழையில்லை. போதாதுதான்.

அடுத்த முறை போனபோது, சம்மதப் படிவத்தில் மறுபடி கையெழுத்து வாங்கிவிட்டு மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா, ஸ்ரீபன் அண்ணையை மாதிரி ஒராளைத் தடுப்பு முகாமில கண்டதெண்டு வவுனியா நெளுக்குளத்தில ஒருத்தர் சொன்னவர்."

நெளுக்குளத்தில் எனக்கு ஒரு தையல்காரரை மட்டும்தான் தெரியும்.

அக்கா கதிரையை என் பக்கம் இழுத்தார். பிறகு கேட்டார்: "இடக்கால் நொண்டுவாராமோ மிஸ்? செல் துண்டு பட்ட கால்."

"ஓம் அக்கா. நொண்டினவராம்."

கேள்விக்குள் விடையை வைக்கக்கூடாது என்று எங்களுக்குப் படிப்பிப்பார்கள். இங்கே வைத்தவர் அவர்.

நாற்பது நிமிடம் அழுதார். பிறின்சி குசினியிலிருந்து ஓடிவந்து தாயைப் பிடித்துக்கொண்டாள். நானும் அழுதேன். அதை, ஆய்வாளரின் உணர்வுநிலை என்று தனிப் பந்தியாக எழுதினேன். பரீட்சகர்கள் அந்தப் பந்தியை மிகவும் பாராட்டினார்கள்.

திருப்பலி நின்றது. தகப்பன் வந்து கைபிடித்துக் கொடுக்கட்டும் என்று கலியாணமும் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றரை வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்கள். அக்கா நெளுக்குளத்தில் வீடுவீடாக ஸ்ரீபனின் படத்தைக் காட்டித் திரிகிறார் என்று பிறின்சி உங்களுக்கு எழுதியிருக்கிறாள். உண்மைதான். வவுனியா பஸ் தரிப்பிடத்தில் நானே அவரைக் கண்டேன். மெலிந்திருந்தார்.

"கண்ட ஆளின்ர பேரை மட்டும் சொல்லுங்கோ மிஸ்," என்று என் கையைப் பிடித்தார்.

தகவல் தந்தவரின் அடையாளத்தை வெளியிடுவது ஆய்வு நெறிக்கு முரண் என்று பொறுமையாக விளக்கினேன். விளங்கிக்கொண்டார்.

ஆம், அப்படி ஒருவர் இல்லை. எல்லாம் நான் சொன்னது. ஆனால் ஆய்வைப் புரட்டிப் பாருங்கள், மார்கிறட் என்ற பெயர் எங்கும் இராது, மாற்றிவிட்டேன். என்னால் அந்த மனுசிக்கு ஒரு சிறு தீங்கும் வந்துவிடக்கூடாது என்பதில் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன்.