அரை டிகிரி கோணல்

"எம்.எஸ்ஸி. வரைக்கும் வந்ததே பெரிசும்மா. அணு உலைகிட்ட பொண்ணுக்கு என்ன வேலை?" என்று என் பேராசிரியர் ஒருமுறை கேட்டார். சென்ற வாரம் காஞ்சிபுரம் பேருந்தில் முன் இருக்கைப் பேச்சைக் கேட்டபோது அது நினைவுக்கு வந்தது. பம்பாய் அணு உலையில் பயிற்சி பெறும் இளைஞன் ஒருவன் விடுமுறைக்கு வந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய மாமா, நெசவாளர்.

"நியூட்ரானைப் பொருளுக்குள்ள வுடுவோம் மாமா. எந்தப் பக்கம் எத்தினி சிதறுதுன்னு எண்ணினா, உள்ள அணுவுங்க எப்படி அடுக்கியிருக்குதுன்னு தெரியும்."

"எண்றதுக்காபா இம்மாந் தூரம் போன?"

"அதுவே வரல. மூணு நாளு எண்ணிக்கினே இருந்தேன், ஒண்ணும் தேறல. பார்த்தா நியூட்ரான் வுடற படிகத்தையே அரை டிகிரி கோணலா வெச்சிருக்கேன்."

"பாவு நூலே ஏத்தாத தறிய மூணு நாளு ஆட்டினேன்னு சொல்லு. வாத்தியாரு ஒதைக்கலியா?"

"சிரிச்சாரு. அவரு படிக்கிறப்போ ஒரு வாரம் எண்ணினாராம்."

மாமாவும் சிரித்தார். "பொண்ணுங்க யாராச்சும் படிக்கிறாங்களா?"

"எங்க கூட இல்ல மாமா. வாணான்னு யாரும் சொல்லல. எந்தப் பொண்ணும் கேக்கல."

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்துபோய்விட்டது. அப்படி மூன்று நாள் வீணாக எண்ணுவதற்கு மனம் ஏங்கியது.

அன்று காலையில்தான் அதே பம்பாய்ப் பயிற்சிக்கு விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன். பெற்றோர் படிப்பு என்ற இடத்தில் 'இல்லை' என்று தெளிவாக எழுதி, கீழே, பெண் என்று தெரியும்படி முழுப் பெயரில் கையெழுத்திட்டிருந்தேன்.