திறந்த டப்பாக்களையும் கொண்டு வாருங்கள்

அழகுநிலையத்தார் சங்கத்தை அன்பால் ஆளும் தலைவர் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து என்னை முறைத்துப் பார்க்கும் மூத்தோர்களே! பகலெல்லாம் பிறர் முகம் துலக்கிவிட்டு, தம் முகம் கழுவவும் நேரமின்றி ஓடிவந்த தாய்மார்களே! இருக்கையின்றிக் கதவோரம் நிற்கும் தோழர்களே! ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருக்கும் இந்த எளியவனின் வணக்கம்.

கருவியைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். கண்ணாடிக் குச்சியின் நுனியில் கடுகளவு கிரீம், அதன்மேல் சூடான வாயு, அவ்வளவுதான்! உள்ளே ஒளிந்திருக்கும் மூலக்கூறுகளை எடைபோட்டு, இன்னின்னது இருக்கிறது என்று பத்தே நொடியில் காட்டிவிடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். முன்பு நாள்கணக்கில் செய்த வேலை ஐயா இது!

பொறுங்கள், இப்போதே கைதட்டாதீர்கள். கருவி கெட்டிக்காரக் கருவிதான். அதன்முன் அமர்ந்திருந்தவன் கெட்டிக்காரனா? கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

என் தங்கை பள்ளி ஆசிரியை. ஒருநாள் பாதி தீர்ந்த கிரீம் டப்பாவோடு என் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். "பார்லர் அக்கா குடுத்தாங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லேன் அண்ணா" என்றாள்.

"திறந்த டப்பாவை எடுக்க மாட்டோம்மா. சீல் உடையாததுதான் வேணும். அதான் ரூல்."

"நான் பூசறது இதைத்தானே அண்ணா?"

எவ்வளவு எளிய கேள்வி! எனக்கு ஏன் உறைக்கவில்லை? படித்த படிப்புக்கு உறைக்கவில்லையே, பார்த்த பதவிக்கு உறைக்கவில்லையே! அதே பெயர் போட்ட புது டப்பாவைக் கடையில் வாங்கினேன், சோதித்தேன், சுத்தம் என்றது கருவி. "ஒண்ணுமில்லம்மா, தைரியமா பூசு" என்றேன். அண்ணன் சொன்னான் என்று ஐந்து மாதம் பூசினாள்.

மறுபடி வந்தபோது முகத்தில் தோல் வெங்காயச் சருகாய் மெலிந்திருந்தது. வெயில் பட்டால் எரிச்சல், அடுப்பருகே போனால் எரிச்சல். அவள் பூசிவந்த அந்தத் திறந்த டப்பாவை அன்றுதான் கருவியில் காட்டினேன். பத்து நொடி. நாள்பட்டால் தோலையே மெலியவைக்கும் வீரியமான ஸ்டீராய்டு.

யாரைக் குற்றம் சொல்ல? அந்தப் பார்லர் அம்மா காலி டப்பாக்களைக் கழுவி, மொத்தமாக வாங்கிய கலவையை அதில் நிரப்பியிருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் தன் சொந்த மகளுக்கே பூசியிருப்பாரா? அவருக்குத் தெரிய வழியில்லை. எனக்கு வழி இருந்தது. நான்தான் அந்த டப்பாவை வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினேன்.

என்ன ஐயா கேட்கிறீர்கள்? தங்கை வந்திருக்கிறாளா என்றா? இல்லை. "என் கதையைச் சொல்லு, என்னை மட்டும் மேடைக்குக் கூப்பிடாதே அண்ணா" என்றுவிட்டாள். இப்போதும் முகத்தை மூடிக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறாள்.

அந்த விதியை மாற்றிவிட்டோம், பெரியோர்களே! திறந்ததைத் தாருங்கள், தீர்ந்ததைத் தாருங்கள், மூடியில் ஒட்டியதைத் தாருங்கள்! பூசுவது எதுவோ, அதைத் தாருங்கள்! கருவி பக்கத்து அறையில் தயாராக இருக்கிறது. பெயர் கேட்க மாட்டோம், கடை கேட்க மாட்டோம்.

அதோ, நடுவரிசையில் ஒரு தாய் கைப்பையோடு எழுந்துவிட்டார். வாருங்கள் அம்மா, தயங்க வேண்டாம். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள். அவர் பின்னாலேயே எழுந்து வாருங்கள். இத்தனை நேரம் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. நான் முன்னால் போய் அந்த அறையைத் திறந்து வைக்கிறேன். வணக்கம்.